வேலூர் வெயிலில் வீட்டு உரம்: சருகிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் மட்கு உரம் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பவுடர் வாங்கணும், எந்த டிரம் நல்லது?" என்றுதான். இரண்டுக்கும் அவசரமில்லை. முதலில் சேர்க்க வேண்டியது சருகு. காய்கறித் தோலும் டீத்தூளும் சமையலறையில் தினமும் தானாகச் சேர்ந்துவிடும். அவற்றோடு கலக்கக் காய்ந்த இலை கையிருப்பில் இல்லாததால்தான் பல வீடுகளில் வாளி நாறிப்போய், மூன்றாவது வாரமே எல்லாம் குப்பை வண்டிக்குப் போய்விடுகிறது.

காரணம் எளிது. காய்கறித் தோல், பழத்தோல், கீரைத்தண்டு எல்லாவற்றிலும் தண்ணீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகம். சருகு, அட்டை, கரும்புச் சக்கை போன்றவற்றில் கரிமம் (கார்பன்) அதிகம். குப்பையை மட்கவைக்கிற நுண்ணுயிர்களுக்கு இரண்டுமே வேண்டும். தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு வரை இருக்கும்போது அவை நன்றாக வேலை செய்கின்றன. இதை வீட்டில் யாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டால், அதே கிண்ணத்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு போடுங்கள், போதும். சருகுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஈரக் கழிவு ஒன்றோடொன்று ஒட்டி அழுந்தாமல் நடுவே காற்றுக்கு வழி விடுவது அதுதான். காற்று போனால் அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். நாற்றம் அவற்றின் வேலை.

சருகு சேர்க்கும் காலம்

வேம்பும் புங்கையும் நம் ஊரில் தை கடைசியிலிருந்து பங்குனி வரை இலை உதிர்க்கின்றன. காட்பாடியாகட்டும், சத்துவாச்சாரியாகட்டும், அந்த நாட்களில் காலையில் தெருவில் நடந்தால் மரத்துக்கு மரம் பெருக்கிக் குவித்த இலைக்குவியல் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது அதில் தீ வைத்துவிடுவார்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. விதி ஒருபக்கம் இருக்கட்டும், வருடம் முழுக்க நமக்கு வேண்டிய சரக்கு கண்ணெதிரே புகையாகப் போவதைப் பார்க்க மனசு கேட்காது. நாலு சாக்கோடு போய்ப் பெருக்குகிறவரிடம் கேட்டால் அள்ளிக்கொள்ளச் சொல்வார். அவருக்கும் ஒரு வேலை மிச்சம்.

அள்ளும்போதே பிளாஸ்டிக் உறை, பாக்குப் பொட்டலம், குச்சி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து, சாக்குக்குள் போட்டுக் காலால் மிதித்தால் நொறுங்கிவிடும். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு, இப்படி நொறுக்கி அமுக்கிக் கட்டிய எட்டு சாக்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்குத் தாங்கும். மழை படாத இடத்தில் வையுங்கள்.

எல்லா இலையும் ஒன்றல்ல. வேப்பிலையும் புங்க இலையும் மெல்லியவை, சீக்கிரம் மட்கும். மா இலையும் வாதாமர இலையும் தடிமன், அவற்றைத் துண்டாக்காமல் போட்டால் மூன்று மாதம் கழித்தும் அப்படியே கிடக்கும். தைலமர இலை வேண்டாம். பார்த்தீனியம் பூத்துக் காய்த்திருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள், உரத்தோடு விதையும் தோட்டத்துக்கு வந்து சேரும்.

இலைக்காலம் முடிந்துவிட்டதா? கோடையில் கரும்புச் சாறு வண்டிகளில் சக்கை மலையாகக் குவியும். நான் வழக்கமாக வாங்கும் வண்டிக்காரர், "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கினு போங்கக்கா" என்பார். அதை வெயிலில் காயவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட வேண்டும். பீடி சுற்றுகிற வீடுகளில் இலையை வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகள் அருமையான சருகு. புகையிலைத் தூள் கலக்காமல் இலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மல்லாட்டை (வேர்க்கடலை) தோல், கிழித்த செய்தித்தாள், பளபளப்பு இல்லாத அட்டை எல்லாம் சேரும். மரத்தூள் கிடைத்தால் அறுத்த மரத்தின் தூளா என்று கேளுங்கள். பிளைவுட் தூளில் பசை இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பகுதி முழுக்கத் தோல் பதனிடும் தொழில் இருக்கிறது. தோல் சீவலையும் தோல் தூளையும் நல்ல எரு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பதனிடுவதில் பெரும்பகுதி குரோமிய உப்பு சேர்த்துத்தான் நடக்கிறது. சாப்பிடும் கீரை வளர்கிற மண்ணில் அதற்கு இடமே கிடையாது.

டிரம்மும் இடமும்

இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு போதும். நாலைந்து பேர் என்றால் 50, 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு. பழைய சாமான் கடையில் வாங்கினால், முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு, இரண்டு மூன்று தரம் கழுவிவிடுங்கள். ரசாயனம் இருந்த டிரம் வேண்டாம். இரண்டு வேண்டும் என்பதற்குக் காரணம், ஒன்று நிறைந்து மட்கிக்கொண்டிருக்கும்போது அன்றாடக் கழிவைப் போட இன்னொன்று இருக்க வேண்டும்.

கம்பியைப் பழுக்கக் காய்ச்சியோ டிரில்லாலோ துளை போடுங்கள். அடியில் ஏழெட்டு, பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில் சுற்றிலும் இரண்டு மூன்று வரிசை. சுண்டுவிரல் நுழையாத அளவு போதும். டிரம்மை இரண்டு செங்கல் மேல் தூக்கிவைத்து, கீழே ஒரு தட்டு. கசிகிற தண்ணீர் அதில் சேரும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் கலந்து பூச்செடி, மரங்களின் வேரில் ஊற்றலாம். கீரைக்கு வேண்டாம்.

இடம்தான் முக்கியம். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அப்போது மொட்டை மாடியில் வெட்டவெளியில் வைத்த டிரம் இரண்டு நாளில் வறண்டுவிடும். வறண்டால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். மாடிப்படிக்கு அடியில், சன்ஷேடு நிழலில், மரத்தடியில் என்று நிழலாகப் பார்த்து வையுங்கள். வேறு வழியில்லாமல் மாடியில்தான் என்றால், டிரம்மைச் சுற்றி ஈரக் கோணி ஒன்றைக் கட்டி, மேலே தென்னங்கீற்றுப் போட்டுவிடுங்கள்.

வீட்டைச் சுற்றி இடம் இருக்கிறவர்களுக்கு டிரம்மே வேண்டாம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு தொட்டி கட்டலாம். மூன்றடிக்குக் குறைந்தால் குவியலுக்குள் சூடு நிற்காது. அந்த அளவில் ஒரேயடியாகக் குவித்த குப்பை நாலைந்து நாளில் 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். அதிகாலையில் கிளறினால் ஆவி பறக்கும். களை விதையும் பெரும்பாலான நோய்க் கிருமிகளும் அந்தச் சூட்டில் செத்துவிடும். டிரம்மில் அவ்வளவு சூடு வராது. அதனால் உரம் கெட்டுவிடாது, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் நோய் வந்த கத்திரிச் செடியையோ விதைபிடித்த களையையோ டிரம்மில் போடக் கூடாது.

குழி வெட்டலாமா என்று கேட்பார்கள். நம் பக்கம் பல இடங்களில் இரண்டடி தோண்டினாலே பாறை தட்டும். போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் தண்ணீர் நின்று அழுகிவிடும். மேட்டில் குவிப்பதுதான் நல்லது.

தினமும் செய்வது

டிரம்மின் அடியில் நாலு விரல் கனத்துக்கு தேங்காய் நார், ஒடித்த சுள்ளி, மல்லாட்டைத் தோல் இவற்றைப் பரப்புங்கள். தண்ணீர் வடியவும் காற்று ஏறவும் இதுதான் வழி. அதன்மேல் ஒரு சாண் சருகு. அப்புறம் ஒரு கைப்பிடி பசுஞ்சாணியை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். சாணி கிடைக்காவிட்டால் பழைய மரத்தடியில் மேல் சருகை விலக்கி, பாதி மட்கிய கருத்த மண்ணை இரண்டு கை அள்ளிப் போடுங்கள். வேண்டிய நுண்ணுயிர்கள் எல்லாம் அதில் உண்டு. ஒரு டம்ளர் புளித்த மோர் ஊற்றினாலும் நல்லது. கடையில் விற்கும் பவுடரால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அது இல்லாமலே நடக்கும்.

இனி அன்றாடம். காய்கறி நறுக்கும்போதே தோலைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். பெரிதாக இருப்பதை இரண்டு அங்குலத்துக்குள் வெட்டிவிட்டால் சீக்கிரம் மட்கும். வாழைப்பழத் தோல், முருங்கைக் கீரைக் காம்பு, கொத்தமல்லி வேர், டீத்தூள், காப்பித்தூள், சாமிக்குப் போட்டு வாடிய பூ எல்லாம் போகலாம். பூமாலையில் நைலான் நூல், சரிகை இருந்தால் உருவிவிடுங்கள். வாழைநார் இருந்தால் பரவாயில்லை. டீத்தூளில் பாலும் சர்க்கரையும் இருந்தால் ஒருமுறை அலசிப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும். முட்டை ஓட்டைக் காயவைத்து இடித்துப் போடலாம். எலுமிச்சைத் தோல் ஒன்றிரண்டு போனால் தப்பில்லை. வீட்டில் நிறைய எலுமிச்சை பிழியும் அன்றைக்கு மொத்தத் தோலையும் கொட்டிவிடாதீர்கள்.

போடக் கூடாதவை: கறி, மீன், எலும்பு, எண்ணெய், பால், ஊறுகாய், நாய் பூனைக் கழிவு. ஆம்பூர் பிரியாணியில் மிஞ்சியதும் இதில்தான் சேரும். எலியும் பெருச்சாளியும் மோப்பம் பிடித்து வந்துவிடும். வெறும் சோறு ஒரு கைப்பிடி மிஞ்சினால் சருகோடு பிசறிப் போடலாம், அதற்குமேல் வேண்டாம்.

கிண்ணத்தைக் கொட்டியதும் மேலே சருகு. காய்கறித் தோல் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. இந்த ஒன்றைத் தவறாமல் செய்தால் ஈயும் நாற்றமும் பெரும்பாலும் வரவே வராது. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு கம்பியாலோ சிறு மண்வெட்டியாலோ அடிவரை கிளறிவிடுங்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். நம் ஊரில் ஈரமும் இருட்டும் உள்ள இடத்தில் பூரானும் தேளும் ஒதுங்கும்.

பண்டிகை நாட்களில் சரக்கு ஒரேயடியாக வரும். ஆயுத பூஜை முடிந்ததும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் தெருத்தெருவாகக் கிடக்கும். வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். வில்லைவில்லையாக நறுக்கி ஒருநாள் வாடவைத்து, சருகு ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துப் போடுங்கள். பூசணியில் குங்குமம் பட்ட பகுதியை நீக்கிவிடுங்கள். போகியன்று இலைதழைகளைக் கொளுத்துவதற்குப் பதில் சாக்கில் கட்டிவைக்கலாம். பொங்கல் கழிந்ததும் கரும்புத் தோகை, மஞ்சள் கொத்தின் இலை எல்லாமே நறுக்கிப் போட ஏற்றவை.

ஈரம்: கைப்பிடிச் சோதனை

உள்ளே கையுறை போட்ட கையால் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப்பார்க்க வேண்டும், கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். அதுதான் 50, 60 சதவீத ஈரம். தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம், சருகு சேர்த்துக் கிளறுங்கள். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் வறண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பங்குனியிலிருந்து ஆனி வரை வறட்சிதான் நம்முடைய பெரிய தொல்லை. அரிசி கழுவின தண்ணீர், பருப்புக் கழுவின தண்ணீர் இவற்றைத் தெளிப்பது எல்லாவற்றிலும் நல்லது. பல தெருக்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதைத் தினமும் ஊற்றினால் உரத்திலும் உப்பு ஏறும், பிறகு செடியின் இலை நுனி கருகும். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அது கூடவே கூடாது. மழைக்காலத்தில் இதற்கு நேரெதிர். மூடி இறுக்கமாக இருக்கட்டும், குவியல் என்றால் மேலே தார்ப்பாய் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள்.

எதைக் கண்டால் என்ன செய்வது

அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் கூடிக் காற்று குறைந்திருக்கிறது. மொத்தத்தையும் ஒரு சாக்கின்மேல் கொட்டி, ஒரு பங்கு சருகு கலந்து திரும்பப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். மூக்கைத் துளைக்கும் கார நெடி என்றால் காய்கறிக் கழிவு அதிகம், அதற்கும் மருந்து சருகுதான். எறும்பு ஏறினால் வறண்டிருக்கிறது, தண்ணீர் தெளியுங்கள். சின்னப் பழ ஈ மொய்த்தால் மேல் சருகை இன்னும் தடிமனாக்குங்கள். வெள்ளை நூல்போலப் பூசணம் படர்ந்திருந்தால் பயம் வேண்டாம், சருகை உடைப்பதே அதுதான். கிளறும்போது மறையும், மறுபடி வரும்.

புழுவைப் பார்த்துத்தான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சாம்பல் நிறத்தில் தட்டையாக, அரை அங்குலம் முக்கால் அங்குலம் நீளத்தில் நெளிவது ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழு. அது கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காரும் ஈ அல்ல அது. மண்புழு வந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் கட்டைவிரல் தடிமனில், வளைந்து சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழுவைக் கவனிக்க வேண்டும். தரையில் எடுத்துவிட்டுப் பாருங்கள். மல்லாந்து முதுகாலேயே நகர்ந்தால் அது பூ வண்டின் புழு, குப்பையைத்தான் தின்னும், திரும்ப உள்ளே விட்டுவிடலாம். பக்கவாட்டில் சுருண்டபடியே கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அந்த வண்டு எருக்குழியில் முட்டையிட்டு, வளர்ந்ததும் தென்னங்குருத்தைக் குடையும். பக்கத்தில் தென்னை இருந்தால் அவற்றைப் பொறுக்கி அழித்துவிடுங்கள்.

எப்போது தயார், எப்படிப் போடுவது

நாலைந்து பேர் வீட்டில் டிரம் நிறைய ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். தினமும் போட்டாலும் மறுநாள் அமுங்கியிருக்கும். நிறைந்ததும் மேலே சருகு போட்டு மூடி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த டிரம்முக்குப் போங்கள். மூடியதைப் பத்து நாளுக்கு ஒருமுறை கிளறி ஈரம் பாருங்கள். அதற்குப்பின் இரண்டரை, மூன்று மாதத்தில் காப்பித்தூள் நிறத்தில் உதிரியாகிவிடும். எது தோல், எது இலை என்று அடையாளம் தெரியாது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும் வாசம் அதிலும் வரும். அந்த வாசத்தைத் தரும் நுண்ணுயிர்கள்தான் கடைசிக் கட்டத்தில் வேலை செய்கின்றன. சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் உரத்தோடு சம அளவு மண் கலந்து பத்து வெந்தயம் ஊன்றுங்கள். எட்டு ஒன்பது நன்றாக முளைத்து நின்றால் தயார். முளை கருகினால் இன்னும் பதினைந்து நாள் பொறுங்கள். அரைகுறையாக மட்கியதை வேரில் போட்டால் அது மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

நிழலில் இரண்டு நாள் ஆறவிட்டுச் சல்லடையில் சலியுங்கள். தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, இந்த உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு என்று கலந்தால் நல்ல மண். நார்த்தூளை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வளர்கிற செடி என்றால், மாதம் ஒருமுறை மேல் மண்ணைக் களைக்கொட்டால் லேசாகக் கொத்தி, சின்னத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி, பெரிய தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தரைப் பாத்தியில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பிக் கொத்திவிடலாம்.

மட்கு உரத்திடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்காதீர்கள். அதில் தழைச்சத்து ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அது செய்வது வேறு வேலை. நம் செம்மண் வெயிலில் கல்லாக இறுகும், ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடும். இரண்டு மூன்று போகம் தொடர்ந்து உரம் கலந்தால் அதே மண் விரலுக்கு இளகிக் கொடுக்கும், ஈரத்தை ஒருநாள் கூடுதலாகப் பிடித்துவைக்கும். காய்க்கிற செடிகளுக்கு இதோடு கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் வேப்பம்புண்ணாக்கும் சேர்த்துப் போட்டால்தான் காய் திரளும். அணைக்கட்டு பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த நாற்று கிடைத்தால் குழிக்கு இரண்டு கைப்பிடி உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போட்டு நட்டுப் பாருங்கள்.

ஆடிப் பட்டத்துக்கு உரம் கையில் இருக்க வேண்டும் என்றால் மாசி கடைசியிலேயே முதல் டிரம்மைத் தொடங்கிவிடுங்கள். சருகு உதிரும் காலமும் அதுதான். சல்லடையில் நிற்கும் குச்சி, நார், மட்காத மா இலை எதையும் கொட்டிவிடாதீர்கள். அடுத்த டிரம்மின் அடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்ப அதுவே போதும், தனியாகச் சாணி கரைக்க வேண்டிய வேலையும் இருக்காது.